சுங்கை சிப்புட்டில் கல்யாண மண்டபம் தேடுவோர் கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கிற சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கல்யாணம் வைக்கிற வீடுகளில் திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். மண்டபங்களின் பெயர்ப் பட்டியலும் வாடகைப் பட்டியலும் இதில் இருக்காது. வாடகை வருடத்துக்கு வருடம் மாறும். போன் போட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். போனில் சொல்லாத சங்கதிகள்தான் இங்கே முக்கியம்.

ஊரிலேயே வைப்பதா, ஈப்போவுக்குப் போவதா?

யார் வருகிறார்கள் என்பதை முதலில் எழுதுங்கள். பெயர்களை இரண்டு பத்தியாகப் பிரியுங்கள்: சொந்த வண்டியில் வருகிறவர்கள், யாராவது ஏற்றிக்கொண்டு வந்தால்தான் வர முடிகிறவர்கள். தோட்டத்தில் இன்னும் இருக்கிற பெரியவர்கள், லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பழகிய அக்கம்பக்கத்தார், அம்மாவோடு பால் மரம் வெட்ட, அதாவது ரப்பர் பால் எடுக்கப் போனவர்கள், இவர்கள் பெரும்பாலும் இரண்டாவது பத்தியில்தான் வருவார்கள். அந்தப் பத்தி நீளமாக இருந்தால் ஊரிலேயே வைப்பது நல்லது. ஈப்போ சுமார் 30 கிலோமீட்டர்தான், ஆனால் இரவு விருந்து முடிந்து பத்தரை மணிக்கு எழுபது வயதுப் பாட்டியைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் விடும் வேலை யாருடையது என்று யாரும் முன்கூட்டியே பேசுவதில்லை. ஈப்போதான் என்று முடிவு செய்தால், பள்ளி வேன் ஓட்டுகிறவரிடம் ஞாயிற்றுக்கிழமைக்குப் பேசி, அந்தச் செலவை மண்டபச் செலவோடு சேர்த்து எழுதுங்கள்.

கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வருகிறவர்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அவர்களுக்கு வழிகாட்டும் வேஸ் செயலி இருக்கிறது. சில ஈடிஎஸ் மின்சார ரயில்கள் சுங்கை சிப்புட்டிலேயே நிற்கும். நிற்காத ரயிலுக்கு ஈப்போவிலோ கோலகங்சாரிலோ இறங்கலாம்.

என்னென்ன மாதிரி இடங்கள் கிடைக்கின்றன?

கோயில் மண்டபம், நகராண்மைக் கழகத்தின் பொது டேவான் (கூடம்), தமிழ்ப்பள்ளி மண்டபம், கடைவீட்டு மாடியில் இருக்கிற தனியார் மண்டபம், சீன உணவகத்தின் விருந்துக் கூடம், வீட்டு வாசலில் போடுகிற பந்தல், ஈப்போ ஓட்டல்கள். இப்போது புதிதாகத் தோட்டம் போட்ட வெளிவளாகங்களும், கண்ணாடிக் கூடங்களும், பழைய துரை பங்களா மாதிரியான வீடுகளும் சேர்ந்திருக்கின்றன.

கோயில் மண்டபத்தின் பெரிய பலம், அங்கே கல்யாணம் நடத்துவது அவர்களுக்குப் பழக்கம். அரசாணிக்கால் எங்கே நடுவது, ஓமப்புகை எந்தப் பக்கம் போகும், நாதஸ்வரக்காரர் எங்கே உட்காருவார் என்று நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. டேவானில் இடம் தாராளம், ஆனால் நான்கு சுவரும் மேடையும் தவிர எல்லாம் நீங்கள் கொண்டு வருவதுதான். பள்ளி மண்டபத்துக்குத் தலைமையாசிரியரும் பள்ளி வாரியமும் சரி என்று சொல்ல வேண்டும், பரீட்சைக் காலத்தில் கேட்டுப் பயனில்லை. கடைவீட்டு மாடி மண்டபங்களில் குளிர்சாதனம், எல்இடி திரை, டிஜே மேடை எல்லாம் தயாராக இருக்கும். மின்தூக்கி இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். பல இடங்களில் இருக்காது. சக்கர நாற்காலியில் வருகிற தாத்தாவை நான்கு பையன்கள் தூக்கிக்கொண்டு படியேறுவதைப் பார்த்திருக்கிறேன், அவருக்கு அது ரொம்பச் சங்கடம்.

சீன உணவகத்தில் கணக்கு மேசைக்கு, அதாவது பத்துப் பேருக்கு. வாடகை தனியாக இல்லாததால் சுலபமாகத் தெரியும். ஆனால் எட்டுப் பேர் உட்கார்ந்தாலும் மேசைக்கு முழுக் காசு. நம் ஆட்கள் குடும்பம் குடும்பமாக உட்காருவார்கள், தெரியாதவர் மேசையில் போய் இடம் நிரப்ப மாட்டார்கள். முப்பது மேசை சொன்னால் முப்பதிலும் ஒன்றிரண்டு நாற்காலி காலியாகத்தான் இருக்கும்.

டேவான் வாடகை கோயில் மண்டபத்தைவிடக் குறைவு. அதை எடுத்தால் சிக்கனம்தானே?

இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள், பெரும்பாலும் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு.

வாடகை என்பது மொத்தச் செலவில் சின்ன ஒரு வரி. டேவானை எடுத்த பிறகு வெளியிலிருந்து வர வேண்டியவற்றை எழுதிப் பாருங்கள். மேசை, நாற்காலி, நாற்காலி உறை. மேடைக்குப் பின்னால் சுவரை மறைக்கத் துணி. டேவான் சுவரில் பெரும்பாலும் வேறு ஏதாவது வாசகம் பெரிதாக எழுதியிருக்கும், படத்தில் அதுதான் முதலில் தெரியும். நின்று சுழலும் பெரிய மின்விசிறிகள், ஏனென்றால் கூரை உயரமான கூடத்தில் மேலே இருக்கிற விசிறிக் காற்று கீழே வராது. ஒலிபெருக்கி. சமையலுக்குப் பின்பக்கம் ஒரு கெமா (கூடாரம்). அதற்குத் தண்ணீர்க் குழாய் எங்கே? அப்புறம் மின்சாரம்: டிஜே, விளக்கு அலங்காரம், சோற்றுப் பெட்டி சூடாக்கும் கருவி எல்லாம் ஒரே மின் இணைப்பில் போட்டால் ஏழரை மணிக்கு ஃபியூஸ் போகும், பொண்ணு மாப்பிள்ளை நுழைகிற நேரமாகப் பார்த்துப் போகும். ஜெனரேட்டர் வாடகைக்கு எடுக்க வேண்டியிருக்கலாம்.

இதோடு முடியவில்லை. சாவியை எப்போது தருவார்கள்? சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தந்தால் அலங்காரக்காரர் ராத்திரி முழுக்க வேலை செய்வார், அதற்குத் தனிக் கூலி கேட்பார். வெள்ளிக்கிழமையே வேண்டும் என்றால் இரண்டு நாள் வாடகை. முடிந்த பிறகு கூட்டித் துடைத்துக் கொடுப்பது யார் பொறுப்பு? வாழை இலைச் சாப்பாடு போட்டால் ஐந்நூறு இலைக் குப்பையை எந்த லோரி எடுக்கும்?

இவ்வளவையும் ஒரு தாளில் போட்டு, பக்கத்திலேயே கோயில் மண்டபத்துக்கும் மாடி மண்டபத்துக்கும் அதே வரிகளைப் போடுங்கள். எங்கே எதைச் சேர்த்துத் தருகிறார்களோ அங்கே கோடு போட்டு அடியுங்கள். அடியில் வருகிற கூட்டுத்தொகையை விருந்தாளிகளின் எண்ணிக்கையால் வகுங்கள். டேவான்தான் மலிவு என்று வந்தால் சந்தோஷமாக எடுங்கள். கோத்தோங் ரோயோங் பண்ண, அதாவது கூடி வேலை செய்ய ஆள் இருக்கிற குடும்பங்களுக்கு அப்படித்தான் வரும். முந்தின இரவு வெங்காயம் உரிக்கவும் நாற்காலி அடுக்கவும் முப்பது பேர் வருவார்கள் என்றால் டேவானைப் போல் இடம் கிடையாது. எல்லாரும் கோலாலம்பூரில் வேலை பார்த்துக்கொண்டு சனிக்கிழமை மத்தியானம்தான் வந்து சேருவார்கள் என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

'500 பேர் உட்காரலாம்' என்கிறார்கள். நம்பலாமா?

நாற்காலியை மட்டும் வரிசையாகப் போட்டால் 500. சாப்பாட்டு மேசை போட்டால் கதை வேறு.

பத்துப் பேர் உட்காரும் வட்ட மேசை ஐந்து அடி அகலம். சுற்றி நாற்காலி, அதற்குப் பின்னால் ஒருவர் தட்டோடு நடக்க வழி, எல்லாம் சேர்த்து ஒரு மேசைக்குப் பத்தடிக்குப் பத்தடி வேண்டும், 100 சதுர அடி. 40க்கு 80 அடிக் கூடம் என்றால் 3,200 சதுர அடி. முன்னால் மணவறைக்கும் மேடைக்கும் 16 அடி ஆழம் விட்டால் 640 போய்விடும். பஃபே வரிசை, மொய் மேசை, பொண்ணு மாப்பிள்ளை நடந்து வரும் வழி, இவற்றுக்கு இன்னொரு 350. மிச்சம் ஏறக்குறைய 2,200. ஆக 22 மேசை, 220 பேர்.

ஆகவே மண்டபத்துக்குப் போகும்போது ஓர் அளவு நாடா எடுத்துப் போங்கள். மேலாளர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. காலையில் பந்தி வைத்து வாழை இலை போடுகிறீர்கள் என்றால் இந்தக் கணக்கு இவ்வளவு கடுமை இல்லை, இரண்டு மூன்று பந்தியில் முடித்துவிடலாம். இரவு விருந்தில் யாரும் எழுந்து இடம் விட மாட்டார்கள்.

காலையில் கோயில், இரவு வேறு இடம் என்று இரண்டாகப் பிரிப்பது வீண் செலவா?

அப்படிச் சொல்ல மாட்டேன். நம் ஊரில் இது ஏன் வழக்கமானது என்றால், கோயில் மண்டபத்தில் அசைவமும் மதுவும் கிடையாது. காலை முகூர்த்தம், மத்தியானம் சைவச் சாப்பாடு, இரவு ஆட்டிறைச்சியும் கோழியும் என்று இரண்டு கூட்டத்தையும் திருப்திப்படுத்த வேண்டியிருக்கிறது. இரவு விருந்தே வேண்டாம், மத்தியானச் சாப்பாட்டோடு போதும் என்று முடிவெடுக்கிற இளம் ஜோடிகள் இப்போது இருக்கிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது. பொண்ணுக்கு ஒரே நாளில் இரண்டு ஒப்பனை, மூன்று சேலை, நாலு மணி நேரம் படம் என்பது தண்டனைதான்.

பிரிப்பது என்றால் சனிக்கிழமை இரவு விருந்தை முதலில் வைத்துவிட்டு ஞாயிறு காலை தாலி கட்டுவதா என்ற கேள்வி வரும். சில வீடுகளில் அப்படி வைக்கிறார்கள், சில வீட்டுப் பெரியவர்கள் தாலி கட்டாமல் மேடையில் ஜோடியாக நிற்கவே கூடாது என்பார்கள். மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இரண்டு வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்டுவிடுங்கள்.

மலாய் நண்பர்களும் வேலையிட ஆட்களும் நிறையப் பேர் வருவார்கள். எந்த இடம் நல்லது?

சமையலறையைப் பார்த்து முடிவெடுங்கள். பன்றி இறைச்சி சமைக்கிற உணவகத்தில் 'உங்களுக்குத் தனிப் பாத்திரம்' என்று சொன்னாலும் முஸ்லிம் விருந்தாளிகள் சாப்பிட மாட்டார்கள். வந்து, வாழ்த்திவிட்டு, பாக்கெட் தண்ணீரோடு கிளம்பிவிடுவார்கள். டேவானிலோ வெளிவளாகத்திலோ ஹலால் சான்றிதழ் உள்ள கேட்டரிங்காரரைக் கொண்டு வந்தால் ஒரே பஃபேயில் எல்லாரும் சாப்பிடலாம். பீர் வேண்டும் என்கிற மாமாக்களுக்குத் தனி மூலை. பல பொது டேவான்களில் மதுவுக்கு அனுமதியே கிடையாது, அதையும் முன்கூட்டியே கேளுங்கள். நோன்பு மாதத்தில் மத்தியான விருந்து வைத்தால் அவர்கள் வந்து சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த மாதம் தவிர்க்க முடியாதது என்றால் இரவு விருந்தாக வையுங்கள், நோன்பு திறக்கிற நேரத்துக்குப் பேரீச்சம்பழமும் தண்ணீரும் மேசையில் இருக்கட்டும்.

இன்னொன்று: மண்டபத்துக்குப் பக்கத்தில் பள்ளிவாசலோ சுராவோ (சின்னத் தொழுகை இடம்) இருந்தால், மாலை ஏழு மணி கடந்து மக்ரிப் தொழுகைக்குப் பாங்கு, அப்புறம் எட்டரை மணி வாக்கில் இஷா. அந்த நேரத்தில் டிஜே பாட்டை நிறுத்த வேண்டும் என்று அவரிடம் நேரத்தோடு எழுதிக் கொடுங்கள். சரியாக அந்த நேரத்தில்தான் பொண்ணு மாப்பிள்ளையை உள்ளே அழைத்து வரத் திட்டம் போட்டிருப்பார்கள்.

வாசலிலேயே பந்தல் போட்டால்?

தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வீட்டு முன் சாலையை மறித்துக் கெமா போடுவதற்கு நகராண்மைக் கழகத்திடமும் போலீசிடமும் அனுமதி வாங்க வேண்டும். அக்கம்பக்கத்து வீடுகளுக்கு நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள், முதல் பத்திரிகையை அவர்களுக்கே வையுங்கள்.

நலங்குக்கும் பொன்னுருக்குக்கும் வாசல் பந்தல் அருமையாக இருக்கும். முழுக் கல்யாணத்துக்கு எனக்குத் தயக்கம். பேராக்கில் ஏப்ரல் மே மாதங்களிலும் அக்டோபர் நவம்பரிலும் பிற்பகலில் இடி மழை பிடித்தால் சாக்கடை நிரம்பிச் சாலைக்கு வந்துவிடும். கெமா கூரை ஒழுகாது, தரைதான் ஒழுகும்.

எந்த மாதத்தில் மண்டபம் சுலபமாகக் கிடைக்கும்?

ஆடியும் மார்கழியும் காலியாகக் கிடக்கும், ஆனால் உங்களுக்கும் அது வேண்டாம். புரட்டாசியில் பல வீடுகள் சைவம், அதனால் அந்த மாதமும் கொஞ்சம் மந்தம். தைப்பூசத்தை ஒட்டியும் தீபாவளியை ஒட்டியும் சமையல்காரர், பூக்காரர், மேளக்காரர் யாரும் கிடைக்க மாட்டார்கள். சீனப் பெருநாளுக்கு (சீனப் புத்தாண்டுக்கு) முந்தைய வாரங்களில் உணவகங்களில் கம்பெனி விருந்துகள் வரிசையாக இருக்கும்.

ஆவணிக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. சீனர்களின் ஏழாம் மாதம் பெரும்பாலும் ஆகஸ்டு செப்டம்பரில் வருகிறது. அந்த மாதத்தில் அவர்கள் கல்யாணம் வைப்பதில்லை. நமக்கோ ஆவணி நல்ல கல்யாண மாதம். ஆகவே சீன உணவகக் கூடங்கள் அப்போது கிடைக்கச் சாத்தியம் அதிகம், விலையும் பேசலாம். ஏழாம் மாத வழிபாட்டு விருந்துகளுக்கு அதே கூடத்தை எடுக்கிற ஊர்களும் உண்டு, அதனால் தேதி சொல்லிக் கேளுங்கள்.

ஈப்போ ஓட்டலில் ஒரு தலைக்கு 100 வெள்ளி (ரிங்கிட்) 'ப்ளஸ் ப்ளஸ்' என்றார்கள். அது என்ன?

முதல் ப்ளஸ் ஓட்டலின் சேவைக் கட்டணம், வழக்கமாக 10 விழுக்காடு. இரண்டாவது அரசாங்கத்தின் சேவை வரி. 2024 மார்ச் 1 முதல் பொதுவான சேவை வரி 8 விழுக்காடு ஆனபோதும் சாப்பாட்டுக்கும் பானத்துக்கும் 6 விழுக்காடாகவே வைத்தார்கள். ஆக 100 வெள்ளி என்பது கிட்டத்தட்ட 116. முந்நூறு பேருக்கு 30,000 என்று நினைத்திருப்பீர்கள், 4,800 கூட வரும். 'நெட்' விலை என்ன என்று கேட்டால் ஒரே வரியில் சொல்வார்கள்.

ஓட்டலில் முகூர்த்தமே வைப்பதாக இருந்தால் ஓமத்தைப் பற்றி முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். கூரையில் புகை உணரும் கருவி இருக்கிறது. சிலர் முடியாது என்பார்கள், சிலர் சின்னக் குண்டம் மட்டும் என்பார்கள், சிலர் அந்தப் பகுதிக் கருவியை நிறுத்தி வைத்து ஓர் ஆளைப் பக்கத்தில் நிறுத்துவார்கள். தேங்காய் உடைப்பது, கம்பளத்தில் மஞ்சள் தண்ணீர் சிந்துவது, இதற்கெல்லாம் தனி அபராதம் ஒப்பந்தத்தில் இருக்கலாம்.

கோயிலில் தாலி கட்டினால் பதிவும் ஆகிவிடுமா?

தானாக ஆகாது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது, சடங்கு மட்டும் போதாது. மனுக் கொடுத்து 21 நாள் காத்திருக்க வேண்டும். மனுத் தேதியிலிருந்து 6 மாதத்துக்குள் கல்யாணத்தை முடிக்க வேண்டும். 21 வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம் தேவை. சில கோயில்களில் துணைப் பதிவதிகாரி இருக்கிறார், அங்கே இரண்டு சாட்சிகளோடு அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடலாம். இல்லாத கோயில் என்றால் ஜேபிஎன்னில் (தேசியப் பதிவிலாகாவில்) முன்கூட்டியே பதிந்துவிட்டு வாருங்கள். மண்டபத்தை ஒப்பிடும் தாளில் இதற்கும் ஒரு வரி போடுங்கள்.

மண்டபத்தை எப்போது போய்ப் பார்க்க வேண்டும்?

உங்கள் விருந்து எந்த நேரமோ அந்த நேரத்தில். காலை பத்து மணிக்கு எல்லா மண்டபமும் அழகாகத்தான் இருக்கும். இரவு விருந்து என்றால் ஒரு சனிக்கிழமை இரவு எட்டரைக்குப் போங்கள், அங்கே வேறு யாருடைய விருந்தாவது நடந்துகொண்டிருந்தால் இன்னும் நல்லது. வெளியிலிருந்து பாருங்கள்: வண்டிகள் எங்கே நிற்கின்றன, மேளச் சத்தம் உள்ளே எதிரொலிக்கிறதா, கழிப்பறை அந்த நேரத்தில் எப்படி இருக்கிறது. (பத்திரிகையில் ஏழு மணி என்று போட்டிருப்பார்கள், எட்டரைக்கு முன்னால் போனால் நாற்காலிகளை மட்டும்தான் பார்ப்பீர்கள்.)

கெமா போடுகிறவர், அலங்காரக்காரர், ஐயர், வீடியோக்காரர், இவர்களிடம் கேளுங்கள். அவர்கள் எல்லா மண்டபத்துக்கும் பின்வாசல் வழியாகப் போகிறவர்கள். 'அண்ணே, எந்த மண்டபத்துக்குக் கூப்பிட்டால் உங்களுக்கு வர மனசு இருக்காது?' என்று கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் பேசுவார்.

கட்டிய முன்பணத்தைத் திருப்பித் தர மறுத்தால்?

ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. முன்பணம் வேறு, சேதக் காப்புப் பணம் வேறு. இரண்டையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். எத்தனை நாளுக்கு முன் தேதி மாற்றலாம், ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள், அதுவும் அந்தத் தாளிலேயே வேண்டும். வாட்ஸ்அப்பில் பேசியதை அழிக்காதீர்கள். பேச்சில் தீரவில்லை என்றால் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது: 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைக் கேட்கும், மனுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை.

பழைய தோட்டத்துக் கோயிலிலேயே வைக்க ஆசைப்படுகிறார் அப்பா. முடியுமா?

முடியும், ஆனால் முதலில் நிலம் இன்றைக்கு யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்று, அவை துண்டு துண்டாகக் கைமாறிய காலத்தில்தான் அன்றைய அமைச்சரும் நம் ஊர்க்காரருமான துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார்கள். வாங்கப்படாத எத்தனையோ தோட்டங்கள் அதற்குப் பிறகும் பல கைகள் மாறின. கோயில் நிர்வாகம் சரி என்றாலும் வாசல் கேட் வேறொரு கம்பெனியுடையதாக இருக்கலாம். நிர்வாகியிடம் கடிதம் வாங்குங்கள், காவலாளியிடம் வண்டிகளின் எண்ணிக்கையைச் சொல்லிவையுங்கள்.

மண் சாலையா என்று பாருங்கள். செம்பனை (எண்ணெய்ப்பனை) லோரி ஓடுகிற மண் சாலையில் மழை பெய்தால் சின்னக் கார்கள் மாட்டிக்கொள்ளும். இரவு விருந்தை அங்கே வைக்காமல், காலைச் சடங்கை மட்டும் வைத்தால் பெரும்பாலான தொல்லை போய்விடும். அப்பா கேட்பதும் அநேகமாகத் தாலி கட்டுவதைத்தான்.

புதிதாக வந்திருக்கிற கார்டன், கண்ணாடிக் கூடம் எல்லாம் எப்படி?

படத்தில் ரொம்ப அழகு. நூறு நூற்றைம்பது பேர் என்றால் துணிந்து பாருங்கள். அதற்கு மேல் போனால் சாப்பாட்டு வரிசை புல்தரைக்கு வந்துவிடும், பட்டுச்சேலைக் கரை நனையும். மூன்று விஷயம் கேட்க வேண்டும். மழைக்கு மாற்றுக் கூடம் இருக்கிறதா, அது அன்றைக்கு வேறு யாருக்கும் கொடுக்கப்படாமல் உங்களுக்கென்று இருக்குமா? கண்ணாடிக் கூடத்தில் மத்தியானம் இரண்டு மணிக்குக் குளிர்சாதனம் தாக்குப் பிடிக்கிறதா? வெளிச் சமையல்காரரை அனுமதிப்பார்களா? கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்றால் அவர்கள் சமையலைச் சாப்பிட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். சாம்பாரில் சர்க்கரை போடுகிற கேட்டரிங் உண்டு.

கல்யாணத்துக்கு முந்தைய படங்களுக்கு ஈப்போ பழைய தெருக்கள் அலுத்துவிட்டன. வேறு எங்கே போகலாம்?

காராயில் இருக்கிற விக்டோரியா பாலம். பேராக் ஆற்றின் மேல் 1900இல் திறக்கப்பட்ட ரயில் பாலம், செங்கல் தூண்களும் இரும்புச் சட்டங்களுமாக நிற்கிறது. இப்போது அதில் ரயில் ஓடுவதில்லை. பக்கத்திலேயே இருக்கிற புதிய பாலத்தில் மின்சார ரயில் ஓடுகிறது, அந்தப் பக்கம் இறங்காதீர்கள். காலை எட்டு மணிக்குள் போய்விட்டால் வெயிலும் கூட்டமும் இருக்காது.

ரப்பர்த் தோட்டம் வேண்டும் என்றால் பிப்ரவரி மார்ச் வாக்கில் போங்கள். மரங்கள் இலை உதிர்க்கிற காலம், இலையெல்லாம் செம்பழுப்பாகித் தரை முழுக்கக் கிடக்கும். வெளிநாட்டு இலையுதிர்காலத்துக்குக் காசு செலவழிக்கிறவர்கள் இதை ஒரு தடவை பார்க்கலாம். நிர்வாகத்தின் அனுமதி கட்டாயம். கொசு மருந்தும் கட்டாயம். செம்பனைக்குள் ஆழமாகப் போக வேண்டாம், எலிக்காகப் பாம்பு வரும் இடம் அது.

பத்து காஜாவில் கெல்லி கோட்டைக்கு எல்லாரும் போகிறார்கள். 1926இல் தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் இறந்ததோடு முடியாமல் நின்ற மாளிகை. கொஞ்ச தூரத்தில் அவர் தொழிலாளிகளுக்காகக் கட்டித் தந்த மாரியம்மன் கோயில் இருக்கிறது, கூரைச் சிலைகளுக்கு நடுவே கோட்டுப் போட்ட துரை ஒருவரும் நிற்கிறார். அந்தக் கோயிலைப் பார்க்காமல் திரும்புகிறவர்கள்தான் அதிகம்.

வெளியூர்ச் சொந்தக்காரர்களை ஞாயிறு பிற்பகலில் எங்கே அழைத்துப் போவது?

கோலகங்சார், அரை மணி நேரப் பயணம். உபுடியா பள்ளிவாசலின் தங்க நிறக் குவிமாடங்களை வெளியிலிருந்து பார்க்கலாம், 1917இல் கட்டி முடித்தது. 1926இல் ஆணி அடிக்காமல் கட்டிய இஸ்தானா கெனாங்கான் அரண்மனை அதே பாதையில். அப்புறம் மாவட்ட அலுவலகத்தின் பக்கத்தில் இருக்கிற பழைய ரப்பர் மரத்தைக் கட்டாயம் காட்டுங்கள். பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டம் போய், அங்கிருந்து சிங்கப்பூர் வந்த கன்றுகளில் சிலவற்றை 1877இல் பேராக்கின் ஆங்கிலேய ரெசிடென்ட் ஹியூ லோ கோலகங்சாரில் நட்டார். அந்தக் காலத்து மரம் இது. நம் தாத்தா பாட்டி கப்பலேறி வந்ததற்குப் பாதிக் காரணம் இந்த மரத்தின் வம்சம்தான் என்று சொன்னால் பிள்ளைகள் நின்று பார்ப்பார்கள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் சாயோங்கில் களிமண்ணில் செய்து உமியில் கறுப்பாக்குகிற லாபு சாயோங் தண்ணீர்க் குடுவைகள் விற்கிறார்கள். சின்ன அளவுக் குடுவைகளைத் தாம்பூலப் பைக்குள் வைக்கச் சிலர் வாங்குகிறார்கள். முந்நூறு வேண்டும் என்றால் கல்யாண வாரத்தில் போய்க் கேட்காதீர்கள். கையால் செய்து, காய்ந்து, சூளையில் வெந்து வர வேண்டும், மண்டபத்துக்கு முன்பணம் கட்டுகிற நாளிலேயே இதற்கும் சொல்லிவிடுங்கள்.